பத்தாவது கயிறு

மண்டையின் சுற்றளவைக் கொண்டே பிறவிக் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவதாகச் சொல்லிக்கொள்வார் சிறை டாக்டர் வேதநாயகம். அவர் பேச்சை நம்பித்தான் போன மாதம் மாடசாமியைத் தூக்கில் போட்டார்கள்.

இப்போது சிறைக்குள் யாரோ ஒரு வார்டரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். சந்தேகம் ஒன்பது கைதிகள்மேல். அவர்களுக்கு மொட்டையடித்து, தலைக்கு ஒரு கயிறாக அளந்துவரச் சொல்லி நாவிதர் ஆண்டியப்பனுக்கு உத்தரவு.

கயிறுகள் வந்ததும், ஜெயிலர் முன்னாலேயே டாக்டர் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"ரத்தத்திலேயே கொலை ஊறின மண்டை! யாருடா இவன்?"

"உங்க தலைதானுங்க, டாக்டர் எஜமான். காலையில் உங்களுக்கு முடி வெட்டும்போது அளந்தேன்," என்றான் ஆண்டியப்பன்.

டாக்டர் கயிற்றைக் கீழே போட்டார்.

ஜெயிலர் மெதுவாகக் கேட்டார்: "போன மாதமே இதைச் செய்திருக்கக் கூடாதா, ஆண்டியப்பா?"

"அப்போ நானும் நம்பினேனுங்களே, ஐயா. மாடசாமி தலையை அளந்து கொடுத்ததும் இந்தக் கைதானுங்க."