ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன கதை

இந்தக் கதை முடிவதற்குள் ஒரு தடவையாவது நீங்கள் சிரித்துவிடுவீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் அவசரப்படக் கூடாது. இப்போதே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தால் அதைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்திவையுங்கள். நடைபாதையில் மட்டும் வேண்டாம். ஏனென்று சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேர் இசக்கிராஜா, பிளஸ் டூ. யார் குரலையும் கொஞ்ச நேரம் கேட்டால் போதும், அப்படியே இறக்கிவிடுவேன். ஹெட்மாஸ்டர் இருமல், ரேஷன் கடைக்காரரின் "நாளைக்கு வா", எங்கள் வீட்டு ஆடு, எல்லாம் அத்துப்படி. ஊரிலேயே மூளைக்காரன் நான்தான் என்று ஒரு நினைப்பு. சிரிப்பு இன்னும் வரவில்லை, தெரியும். பொறுங்கள்.

அடுத்து கொம்பையா சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. பெண் தேடித் தேடிப் புரோக்கரின் செருப்புதான் தேய்ந்தது. கடைசியில் கயத்தாறில் ஒரு இடம் அமைந்து, அன்றைக்குச் சாயங்காலம் பெண் பார்க்கப் போகவேண்டும். பெண்ணின் அப்பா போட்டது ஒரே நிபந்தனை. "பையன் சொந்த வண்டியில வரணும். பஸ்ஸுல வந்து எறங்குத மாப்பிள்ளை நமக்குச் சரிப்படாது."

சித்தப்பாவிடம் வண்டி இருந்தது. மொபெட். மீசைக்கு மை போட அதில்தான் சலூனுக்குப் போனார். துணைக்குக் கூட்டாளிகள் வேலாண்டியும் மாசானமும். மீசைக்கு எதற்குத் துணை என்று கேட்காதீர்கள். சலூன் முன்னால் நடைபாதை மேல் வண்டியை ஏற்றிவிட்டு உள்ளே போனார்கள். திரும்பி வந்தால் முன்சக்கரத்தில் போலீஸ் பூட்டு, சீட்டின் மேல் அபராத நோட்டீஸ்.

வேலாண்டி எழுத்துக்கூட்டி வாசித்தார். "நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும். ஆட்சேபணை இருந்தால் ஆதாரத்துடன் போக்குவரத்துக் காவல் நிலையம் வரவும்."

"நடைபாதைன்னா அதுல யாராவது நடக்கணும்லவே," என்றார் மாசானம். "இங்க யாரு நடக்கா?"

மூணு பேரும் சலூன் படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். நடைபாதையில் ஒரு பூக்கடை இருந்தது, டிரான்ஸ்பார்மர் இருந்தது, ஒரு மாடு படுத்திருந்தது. ஜனமெல்லாம் நடுரோட்டில் நடந்துகொண்டிருந்தது.

"அப்ப ரோடுதான் நடைபாதை," என்று வேலாண்டி தீர்ப்புச் சொன்னார். "இது நடைபாதையே கெடையாது. நம்ம வண்டி மேல தப்பில்ல."

"ஆதாரம் கேக்கானே," என்றார் சித்தப்பா. "சாயங்காலத்துக்குள்ள பூட்டைக் கழட்டலைன்னா என் கல்யாணம் போச்சுவே."

எதிர் டீக்கடையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அரிக்க ஆரம்பித்தது. கடைக்குப் பின்னால் ஒதுங்கி, சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். பீடி குடித்துக் கரகரத்துப் போன ஒரு குரலை எடுத்துக்கொண்டேன்.

"டிராபிக் இன்ஸ்பெக்டர் பேசுதேன்."

சித்தப்பா போனைப் பொத்திக்கொண்டு கூட்டாளிகளைப் பார்த்தார். "இன்ஸ்பெக்டர் ஐயாவே. ஆனா போன்ல நம்ம இசக்கி பேருல்லா வருது."

பொத்தின போனில் இது எனக்குக் கேட்கவில்லை. நம்பரை மறைக்கவேண்டும் என்று இந்த மூளைக்காரனுக்குத் தோன்றவும் இல்லை.

"போலீஸ்னா சும்மாவா," என்றார் வேலாண்டி. "யாரு பேருல வேணும்னாலும் வருவாவ. நீரு பேசும்."

"ஐயா, அது நடைபாதையே இல்லய்யா. ஆதாரத்துக்குத்தான் என்ன செய்யன்னு தெரியல."

"வாயால சொன்னா செல்லாது," என்று உறுமினேன். "ஆதாரம் கையில இருக்கணும். தூக்கிட்டு வாரும்."

போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள் என்றுதான் நினைத்தேன். மாசானம் போய்க் கடப்பாரை வாங்கிக்கொண்டு வந்தார்.

"இந்தா, ஓரத்துக் கல்லு ஆடுது. இதையே பேத்துக் கொண்டுபோவோம். இது நடைபாதையான்னு ஐயாவே பாத்துக்கிடட்டும்."

"வண்டி நின்னது அதுலயா? பக்கத்துக் கல்லைக் கொண்டுபோனா அது பொய்ச்சாட்சிவே," என்றார் சித்தப்பா.

"அப்ப வண்டிய நகத்திட்டு எடுப்பமா?"

"சர்க்கார் பூட்டுன வண்டிய நகத்துனா தனிக் கேஸு."

ஆக, வண்டியை அதன் மேலேயே நிற்கவிட்டு, கீழே இருந்த கல்லைப் பெயர்த்தார்கள். எங்கள் ஊரில் நடைபாதை என்பது சாக்கடைக்கு மேல் பரப்பின சிலாப் கல். சிலாப் மேலே வந்தது. மொபெட் கீழே போனது. கூடவே சித்தப்பாவின் ஒரு காலும், புது வேட்டியில் பாதியும்.

மாசானம் குனிந்து பார்த்தார்.

"வே, ஒரு நல்லது நடந்திருக்கு. வண்டி இப்ப நடைபாதையில இல்ல."

"சாக்கடையில வண்டி நிறுத்தக் கூடாதுன்னு எங்கயும் போர்டு இருக்கா?" என்றார் வேலாண்டி.

"இல்ல."

"அப்ப கேஸே இல்லவே," என்று வேலாண்டி கையைத் தட்டிக்கொண்டார்.

"இந்தக் கல்லு?" என்றார் சித்தப்பா.

"ஐயா ஆசைப்பட்டுக் கேட்டிருக்காரு. வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?"

மூணு பேரும் சிலாப்பைச் சுமந்துகொண்டு, நடப்பவர்களோடு நடப்பவர்களாக, ரோட்டு வழியே போனார்கள். நான் டீக்கடை பெஞ்சில் விழுந்து புரண்டேன்.

ஸ்டேஷனில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர் டிராபிக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். இது எங்கள் நாலு பேரைத் தவிர ஊருக்கே தெரியும்.

சித்தப்பா கல்லை மேசை மேல் இறக்கினார். "கேட்ட ஆதாரம் மேடம்."

"யாருய்யா கேட்டா?"

"நீங்கதான் மேடம், போன்ல. அப்ப தொண்டை ரொம்பக் கட்டியிருந்துச்சு. இப்பத் தேவலையா? சுக்குத் தண்ணி குடிச்சீங்களா?"

மேடம் கல்லைப் பார்த்தார். அப்புறம் சித்தப்பாவின் போனை வாங்கி, வந்த பேரைப் பார்த்தார். அதிலிருந்தே எனக்குப் போன் அடித்தார்.

என் போனில் ஒரு பெண் குரல், ரொம்பப் பணிவாக. "ஐயா, ஸ்டேஷன்லருந்து பேசுதேன். நீங்க கேட்ட கல்லு வந்திருக்கு. எங்க வைக்கட்டும்?"

சித்தப்பா போனைக் கொடுத்துப் பேசச் சொல்லியிருப்பார், பேசுவது ஏட்டம்மா போலிருக்கிறது என்று நினைத்தேன். ஸ்டேஷனே நம்பிவிட்டதே என்று உடம்பெல்லாம் புல்லரித்தது. "என் மேசையில வைம்மா," என்றேன்.

"வச்சாச்சுய்யா. நீங்க வந்து ஒரு பார்வை பாக்கணும். ஜீப்பு அனுப்பட்டுமா? எங்க இருக்கீங்க?"

"அனுப்பு. மேலரதவீதி டீக்கடை முன்னால நிக்கேன்."

யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அட்ரஸை நானே கொடுத்தேன். கொடுத்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு கடை முன்னால் வந்து விறைப்பாக நின்றேன்.

ஜீப் வந்தது. பின்னால் மூணு பேரும் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா பெண் வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா மாமா, வண்டியிலதான் வாரோம். நீங்க நெனச்சதவிடப் பெருசு. சொந்தமான்னு கேக்கீங்களா? அரசாங்கத்துக்குச் சொந்தம் மாமா. அரசாங்கம் நமக்குச் சொந்தம்லா."

முன் சீட்டிலிருந்து ஒரு காக்கி உடுப்பு இறங்கியது. தோளில் நட்சத்திரங்கள். "ஏறுங்கய்யா," என்றது அதே பணிவான குரல்.

என் தொண்டையில் எத்தனையோ குரல் உண்டு. அந்த நேரத்துக்கு ஒன்றுகூட வெளியே வரவில்லை.

சித்தப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பரிதாபம்.

"ஏல இசக்கி, நீயும் நடைபாதையிலயா நின்ன?"

குனிந்து பார்த்தேன். ஆமாம், சிலாப் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.