இன்று யாருக்கு ஜெபிக்க வராது?

மிஷன் ஆஸ்பத்திரியில் காலை வார்டு திறக்குமுன் சுகிர்தம்மா ஒரு கேள்வி கேட்பார். வாசல் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே கேட்பார்.

"இன்னைக்கு உங்களால யாருக்கு ஜெபிக்க முடியாது?"

யாருடைய பெயர் தொண்டையில் சிக்குகிறதோ அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லி, அந்த ஆளுக்காக அங்கேயே நின்று ஜெபித்துவிட்டுத்தான் நோயாளிகளிடம் போகவேண்டும். கட்டில் கட்டிலாகப் போய் ஜெபிக்கும் ஊழியத்தை அவரிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இதுதான் சட்டம். அவரே முதலில் ஒரு பெயர் சொல்வார். பல நாள் அது அவருடைய சொந்த மருமகளின் பெயராகத்தான் இருக்கும்.

ரிட்டயரான வேதமாணிக்கம் வாத்தியார் மட்டும் தினமும் ஒரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்படி யாருமில்லம்மா."

பொய். சுத்தப் பொய். ஒரு பெயர் இருந்தது. தங்கையா. கிறிஸ்துமஸ் பஜனைக்குப் போய்க்கொண்டிருந்த வாத்தியாரின் ஒரே மகள் பியூலாவை, குடிபோதையில் டிராக்டரை ஏற்றிக் கொன்றவன். ஜெயிலுக்குப் போனான், வெளியே வந்தான், மறுபடி குடித்தான். வாத்தியார் அந்தப் பெயரைத் தன் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரையும் சொல்லவிட்டதில்லை. அதைக் குழாயடியில் நின்று சொல்லி, அவன் நன்றாக இருக்கட்டும் என்று வேறு ஜெபிக்க வேண்டுமாக்கும். நல்ல கதைதான்!

மற்றபடி வாத்தியாரின் ஆயத்தத்தில் யாரும் ஒரு சொட்டுக் குறை சொல்ல முடியாது. சேவல் கூவுமுன் எழுந்து முழங்காலிடுவார். காய்ச்சல்காரருக்கு ஒரு சங்கீதம், ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு ஒரு சங்கீதம், சாகக் கிடக்கிறவருக்கு ஒன்று என்று வகுப்புக்குப் பாடம் எடுத்து வைப்பதுபோல எடுத்து வைப்பார். எல்லாம் மனப்பாடம்.

ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, தினமும் இதே கேள்வியா? நேத்து சுத்தமா இருந்த மனசு இன்னைக்குக் கெட்டா போயிரும்?"

சுகிர்தம்மா சோப்பு நுரை வழிகிற கைகளை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"நேத்தும் இதே கையத்தான் கழுவினேன் ஐயா."

வாத்தியாருக்கு முகம் சுண்டிவிட்டது. ஊருக்கே பாடம் சொன்னவனுக்கு இந்த வயதில் கை கழுவச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே ஆண்கள் வார்டுக்குள் போனார்.

ஜன்னலோரக் கட்டிலில் புதிதாக ஒருவன் கிடந்தான். வயிறு பானையாக வீங்கியிருந்தது. கண் இரண்டும் மஞ்சள். பக்கத்து ஸ்டூலில் அவன் மனைவி. குடித்துக் குடித்து ஈரல் கெட்டவன் என்று பார்த்ததுமே தெரிந்தது. சாகக் கிடக்கிறவருக்கான சங்கீதத்தை மனதில் எடுத்துக்கொண்டு வாத்தியார் நெருங்கினார். முகத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

தங்கையாதான்.

அவனும் கண்டுகொண்டான். எழுந்து உட்காரப் பார்த்தான். முடியவில்லை.

"வாத்தியாரையா, ஒங்க கண்ணுல முழிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனா சாகப் பயமா இருக்குய்யா. ஒங்க வாயால ஒரு ஜெபம் பண்ணுனீகன்னா நிம்மதியாப் போயிருவேன்."

வாத்தியார் வாயைத் திறந்தார். மனப்பாடம் செய்த அத்தனையும் எங்கே போய்த் தொலைந்ததோ, ஒரு வார்த்தை வரவில்லை. கிடந்து சாவுடா என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. அதை நினைத்து அவருக்கே பயமாகிவிட்டது.

"நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தார்.

வராந்தாவில் சுகிர்தம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அவன் இங்க கிடக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பயிருந்து?"

"ஞாயித்துக்கிழமை அவசர வார்டுல கொண்டாந்து போட்டாவ, இன்னைக்குத்தான் இங்க மாத்துனாவ. அன்னைக்கே ஒங்களத்தான் கேட்டான்."

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? மனசக் கொஞ்சம் தேத்திக்கிட்டு வந்திருப்பேனே."

"தினமும் கேட்டேனே ஐயா."

வாத்தியார் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே போயி ஜெபிங்கம்மா. எனக்கு வராது."

"நான் ஜெபிச்சாச்சு. அவன் கேக்குறது என் ஜெபம் இல்ல."

"என் பிள்ளையக் கொன்னவன்மா அவன்."

"ஆமா. கொன்னவன்தான்."

சுகிர்தம்மா அவர் பக்கத்தில் வந்து தூணோரம் நின்றார்.

"வீட்டுக்குப் போங்க. ஆயத்தமாகி வாங்க. ஆனா அவன் எத்தனை நாள் தாங்குவான்னு டாக்டருக்கே தெரியல" என்றார்.

மறுநாள் விடியுமுன் வாத்தியார் முழங்காலிட்டார். எந்தச் சங்கீதத்தையும் எடுத்து வைக்கவில்லை. பெயரைச் சொல்லப் பார்த்தார், வசவுதான் வந்தது. ஆண்டவரையும் விட்டுவைக்கவில்லை. என் பிள்ளை ரோட்டில் கிடந்தபோது நீர் எங்கே போயிருந்தீர், இவனுக்கு மட்டும் ஆள் அனுப்பத் தெரிகிறதோ என்று கேட்டார். தரையில் நெற்றியை முட்டி முட்டி அழுதார். தேற்ற ஆளில்லாத வீடு. அழுது ஓய்ந்தபிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "தங்கையா" என்றார்.

"ஆண்டவரே, தங்கையா பயப்படாமச் சாகட்டும்."

அவ்வளவுதான் வந்தது. மன்னித்தேன் என்றெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சொன்ன அந்த ஒன்று நிஜம் என்று அவருக்குத் தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. ஆயாம்மா பினாயில் ஊற்றி ரெக்சின் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வராந்தாவில் தங்கையாவின் மனைவி உட்கார்ந்திருந்தாள். வாத்தியாரைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"வந்துட்டீகளா ஐயா. வாத்தியாரு வாரேன்னு சொல்லியிருக்காவன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தாவ. இப்பத்தான், விடியக்காலம் அடங்கிப்போச்சு. பயந்து பயந்துதான் போனாவ. என் கைய விடவே இல்ல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்கிற எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னாள். வாத்தியாருக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பிணவறைப் பக்கமிருந்து சுகிர்தம்மா வந்தார். வாத்தியார் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றார்.

"அம்மா, அவன் பேரச் சொல்லிட்டேன். இன்னைக்கு நெசமாவே சொல்லிட்டேன். அவனுக்கு ஒரு ஜெபத்தோட வந்திருக்கேன். அவன் இல்லையேம்மா. இத இப்ப நான் யாருகிட்டக் கொண்டுபோயிக் கொடுக்க?"

வாசலில் வண்டி வந்து நின்றது. டிரைவர் பின்கதவைத் திறந்துவிட்டுப் பீடி பற்றவைத்தான். சுகிர்தம்மா வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார்.

"அவன் ஊர்ல இருந்து ஒருத்தரும் வரல ஐயா. வண்டியில ஏத்த ஆள் பத்தல. நீங்க தலைமாட்டுப் பக்கம் பிடிங்க."