எலுமிச்சை மரத்துக்கு ராஜமரியாதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார் என்று நிறுத்திக்கொள்ள முடியாது. அவருக்கு ஓர் எலுமிச்சை மரமும் இருந்தது. அரண்மனைக் கொல்லையில் தம் கையாலேயே குழி தோண்டி நட்டார். நட்ட அன்றே சபையைக் கூட்டி, "என்னைக் கவனிப்பதுபோல் இதையும் கவனிக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ராஜாவை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதென்று சபையோர் தினமும் ஆளுக்கோர் எலுமிச்சம்பழத்தோடு வருவது வழக்கம். இப்போது கூடவே ஒரு குடமும் வந்தது. ராஜா மாடத்தில் நிற்கிறாரா என்று பார்த்து, அவர் கண்ணில் படும்படி மரத்தடியில் தண்ணீர் ஊற்றுவார்கள். பிரதானி வெங்கப்பையா வெள்ளிக் குடத்தில் ஊற்றினார். வெயில் படக் கூடாதென்று பட்டுப் பந்தலும் போட்டார். ஊற்றாதவன் சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் தாண்டவராயன் ஒருவன்தான்.

சில வருஷங்களில் மரம் வளர்ந்ததே தவிரப் பூக்கவில்லை. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பொங்கலுக்கு வரும் மாமனார் கையில் தம் மரத்துப் பழத்தைத் தருவதாக ராஜா பெருமையாகச் சொல்லியனுப்பியிருந்தார். இப்போது மொட்டை மரத்தைப் பார்க்கப் பார்க்க அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது.

பிரதானிக்கு அது போதாதா? தாண்டவராயன் மட்டும் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை, அந்தத் துரோகத்தால்தான் மரம் வாடுகிறது என்று கோள் மூட்டினார். பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டைவிட்டுப் போகும்படி ராஜா ஆணையிட்டார். தாண்டவராயன் வணங்கி, போகுமுன் பழைய உத்தரவை ஒருமுறையாவது நிறைவேற்றிவிட்டுப் போக அனுமதி கேட்டான். மரத்துக்கும் மன்னருக்கும் கவனிப்பு ஒன்றென்றால், மரத்துக்குச் செய்வதை மன்னருக்கும் செய்யத்தானே வேண்டும் என்றான். தாமே போட்ட உத்தரவு; ராஜாவால் மறுக்க முடியவில்லை.

பந்தலின் கீழே குழி வெட்டி, அதில் கால் வைத்தபடி ராஜாவை உட்கார வைத்தார்கள். கார்த்திகை மாதத்துக் குளிர். சபையோர் ஒவ்வொருவராக வந்து காலடியில் ஒரு குடம் ஊற்றினார்கள். சேறு கணுக்காலுக்கு ஏறியது. விரல்கள் ஊறிச் சுருங்கின. பல் கிடுகிடுக்க, சற்று வெயிலில் உட்காருகிறேனே என்றார் ராஜா.

"வெயில் ஆகாதென்பது பிரதானியாரின் ஏற்பாடு, மகாராஜா. அவருடைய குடம் வேறு பாக்கி இருக்கிறது" என்றான் தாண்டவராயன்.

வெள்ளிக் குடத்தை ஊற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் பிரதானி நின்றார்.

"போதும்" என்றார் ராஜா.

தாண்டவராயன் காணிக்கைத் தட்டிலிருந்து பெரிய பழம் ஒன்றை எடுத்து, அது யாருடையது என்று கேட்டான். தம் கொல்லையில் காய்த்தது என்றார் பிரதானி.

"அந்த மரத்துக்கு எப்படித் தண்ணீர் விடுகிறீர்கள்?"

பிரதானி வெள்ளிக் குடத்தைக் கீழே இறக்கி வைத்தார். ராஜா முறைத்த பிறகுதான், மண் காய்ந்தால் மட்டும், அடிமரத்தில் படாமல் சுற்றிலும் பாத்தி கட்டி விடுவதாகவும், மரம் நல்ல வெயிலில் நிற்பதாகவும் முனகினார்.

"தெரிந்துமா இங்கே ஊற்றினீர்?"

"எல்லோரும் ஊற்றினார்கள், மகாராஜா. அடியேன் மட்டும் ஊற்றாமல் இருந்தால் தாங்கள் கவனிப்பீர்களே."

சபை முழுவதும் தலை குனிந்தது. எல்லார் வீட்டுக் கொல்லையிலும் மரம் காய்த்துக் குலுங்கியது. தான் ஊற்றவில்லையே தவிர, ஊற்றாதீர்கள் என்று சொல்லவும் இல்லையே என்று தாண்டவராயனுக்கும் வெட்கமாக இருந்தது. ராஜா தம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடத்தில் நின்று குடங்களை எண்ணியவன் நான்தானே" என்றார்.

நாடு கடத்தும் ஆணை ரத்தானது. பந்தலைப் பிரித்தார்கள், சேற்றை வாரினார்கள், தண்ணீரை நிறுத்தினார்கள். பொங்கலுக்குள் மரம் நாலு தளிர் விட்டது. மாமனார் வந்தபோது, ராஜா அந்தத் தளிரைக் கசக்கி நீர்மோரில் போட்டுத் தம் கையால் கொடுத்தார்.

"பழம் இல்லை. நான் கெடுத்த மரத்தின் தளிர் இது" என்று சொல்லும்போது அவர் முகம் நிமிரவில்லை.

மாமனார் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "என் மரமும் காய்ப்பதில்லை, மாப்பிள்ளை. எனக்கும் ஒரு சபை இருக்கிறதே."

அப்போதுதான் ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்தில் பிரதானியின் வெள்ளிக் குடத்தை வாங்கித் தாண்டவராயனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அவன் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அந்த மரத்தடியிலேயே கவிழ்த்து வைத்தான். அதற்குப் பிறகு காலையில் பழத்தோடு வருகிறவர்கள் மாடத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தக் குடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.