கட்டைக்குள் ஏழு துண்டுகள்

2019 ஜனவரி 20, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிடம். பத்து குண்டுகள், நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு புள்ளிகள். சுட்டவள் தாட்சாயணி.

பாயில் குப்புறப் படுத்தபடியே குறி அட்டையைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். வலது கன்னத்து எலும்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அந்த இடம் எட்டு வருடமாகக் கறுத்துத்தான் கிடக்கிறது.

"மாஸ்டர், இன்னைக்குக் கட்டையை மாத்திடலாமா?"

மாஸ்டர் என்று அவள் கூப்பிட்டது அருளப்பனை. ராணுவத்தின் ஆயுதப் பட்டறையில் பதினேழு வருடம் வேலை பார்த்து ஹவில்தாராக வெளியே வந்தவர். அவளைவிட மூன்று வயது சின்னவர் என்பதால் அவளை அக்கா என்றுதான் அழைப்பார். பாயில் படுத்திருக்கும்போது மட்டும் அக்காவுக்குத் திட்டு விழும்.

திண்டுக்கல்லுக்கு வெளியே மொட்டைக் குன்றாக நின்ற ஒரு கரட்டின் அடியில் அந்த ரைஃபிள் கிளப் இருந்தது. கரடுதான் குண்டைத் தடுக்கும் சுவர். உறுப்பினர்கள் பதினோரு பேர். பெரும்பாலும் ஏர் ரைஃபிள் சுடுகிறவர்கள். ஐம்பது மீட்டர் தூரம் சுட கிளப்பில் ஒரே ஒரு துப்பாக்கி. அதைச் சுடுவது தாட்சாயணி ஒருத்திதான்.

துப்பாக்கியின் இரும்பைத் தாங்குவது மரக்கட்டை. தோளில் பதிவதும் கன்னம் சாய்வதும் அதில்தான். இந்தக் கட்டை ஆறடி உயரமிருந்த ஓர் எஸ்டேட் முதலாளிக்காகச் செதுக்கியது. அவர் இறந்தபிறகு வீட்டார் கிளப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். தாட்சாயணி ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்ட தம்பியைப்போல அவள் அந்தக் கட்டைக்குள் புகுந்துகொள்வாள். கழுத்தை ஒரு முழம் நீட்டினால்தான் குறி தெரியும்.

மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. அறுபது குண்டுகள் சுட்டு அறுநூற்றுக்கு ஐநூற்றெழுபது எடுத்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். போன வருடம் ஐநூற்றறுபத்தெட்டு. அதற்கு முந்தைய வருடமும் ஐநூற்றறுபத்தெட்டு. அவள் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்த தனியார் மருத்துவமனை, வருகிற ஏப்ரலில் ஓசூர்க் கிளைக்குப் போகச்சொல்லி அவளுக்கு மாற்றல் கொடுத்திருந்தது. அங்கே பக்கத்தில் எங்கும் சுடுதளம் இல்லை என்று விசாரித்துவிட்டாள். ஆக, இந்தப் போட்டிதான் கடைசி.

கட்டையை மாற்றலாமா என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சீசன் முடியட்டும் என்பார் மாஸ்டர். மழை விடட்டும் என்பார். ஒருமுறை, மரத்துக்கு இது நல்ல மாசம் இல்லை என்றுகூடச் சொன்னார். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் உயரம், கை நீளம், கழுத்து நீளம் எல்லாம் அளந்து அனுப்பி புனேயிலிருந்து ஒரு கட்டையை வரவழைத்துவிட்டாள். வியாழக்கிழமை வந்த அட்டைப்பெட்டி சுவரோரம் சாய்ந்திருந்தது. அதைப் பிரிக்க வீட்டிலிருந்து காய் நறுக்கும் கத்தியையும் கொண்டுவந்திருந்தாள்.

அருளப்பன் பெட்டியைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார்.

"அதைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பிரிச்சுக் காட்டணும்" என்றார்.

துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்வது அந்த கிளப்பில் அவர் ஒருவர்தான். வேறு யாரும் அதன் திருகில் கை வைக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் கட்டைக்குள் என்ன இருக்கும் என்று தாட்சாயணி பார்த்ததே இல்லை. அவர் அடியிலிருந்த இரண்டு திருகுகளைக் கழற்றி, குழாயைத் தனியே தூக்கி வைத்தார். கட்டையின் பின்பக்கத் தகட்டையும் கழற்றினார். மேசையில் ஒரு துணியை விரித்துக் கட்டையைக் கவிழ்த்துத் தட்டினார்.

கறுப்பாக என்னவோ விழுந்தது. மறுபடி தட்டினார். மீதியைத் திருப்புளி நுனியால் நெம்பி எடுத்தார்.

ஏழு துண்டுகள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம். எக்ஸ்ரே ஃபிலிம் என்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒன்றில் யாருடைய விரல் எலும்போ பாதி தெரிந்தது. இன்னொன்றில் அவளுடைய மருத்துவமனையின் பெயரில் கடைசி மூன்றெழுத்து.

வீணாய்ப்போன ஃபிலிம் இருந்தால் ஒன்று கொண்டுவாருங்கள் என்று அருளப்பன் வருடத்துக்கு ஒருதடவை அவளிடம் கேட்பார். எதற்கென்று கேட்டால் கிரகணம் பார்க்க என்பார். உங்கள் வீட்டில் மட்டும் வருடா வருடம் கிரகணம் பிடிக்கிறதே என்று அவள் கிண்டல் செய்ததுண்டு.

துண்டுகளைத் திருப்பினாள். ஒவ்வொன்றிலும் வெள்ளை மையில் தேதி இருந்தது. எதை எங்கே வைத்தாலும் தேதி எழுதிவைப்பது அவருக்குப் பட்டறையில் ஊறிய பழக்கம்.

3-9-2011. எழுபத்திரண்டு புள்ளியிலேயே ஐந்து மாதம் நின்று, இனிமேல் வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போன வாரம் அது. அடுத்த மாதம் எழுபத்தொன்பது சுட்டாள்.

2-7-2014.

அவள் அந்தத் துண்டைக் கீழே வைக்கவில்லை. அந்த வருடம் ஜூனில் அவள் காபியை விட்டாள். ஜூலைக் கடைசியில் எண்பத்திரண்டு எண்பத்தெட்டானது. காபியை விட்டேன், கை நின்றது என்று அவள் சொன்னதை ஒரு நாளிதழ் படத்தோடு போட்டது. அதைப் படித்துவிட்டு கிளப்பில் பாதிப் பேர் காபியை விட்டார்கள். வாசலில் டீக்கடை போட்டிருந்த காதர் பாய் இன்றைக்கும் அவளைக் கண்டால், "வாங்கம்மா, என் வியாபாரத்துக்கு எமனே" என்றுதான் கூப்பிடுவார்.

"அப்போ காபி?" என்றாள்.

"காபி என்ன பாவம் பண்ணுச்சு, அக்கா."

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

அருளப்பன் மெதுவாகச் சொன்னார். இந்தக் கட்டை அவளுக்கு ஒத்துவராது என்று முதல்நாளே அவருக்குத் தெரியும். உள்ளே இரும்பும் சரியாக உட்காரவில்லை. வேறு கட்டைக்கு அன்றைக்கு வழியில்லை. அவள் ஒரே எண்ணில் சிக்கிக்கொண்டு முகம் செத்துப்போய் நிற்கும்போதெல்லாம் கட்டையைக் கழற்றி ஒரு துண்டு வைப்பார். சில துண்டு குழாய்க்கு அடியில், சில துண்டு பின்தகட்டின் சாய்வைத் திருத்த. ஒவ்வொரு தடவையும் எண் ஏறியது. ஏறாத தடவை ஒன்றுகூட இல்லை. புதுக் கட்டையில் இந்த ஏழும் இருக்காது. அவளுடைய எட்டு வருடமும் இந்தத் துண்டுகளின்மேல் நிற்கிறது. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் அதை எப்படி உருவுவது? இதுதான் அவர் தள்ளிப்போட்டதற்குக் காரணம்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்க கை நடுங்கும்னு நெனச்சேன்." திருப்புளியைத் துணியில் துடைத்தார். "அது முதல் ரெண்டு வருஷம். அதுக்கப்புறம், சொல்லாம வச்சிருக்கிறது எனக்குப் பிடிச்சுப்போச்சு. உங்க கழுத்துல மெடல் போடுறப்ப எல்லாரும் உங்களைப் பாப்பாங்க. நான் கட்டையைப் பாப்பேன்."

தாட்சாயணி ஏழு துண்டுகளையும் வரிசையாக அடுக்கினாள். மாவட்ட வெள்ளி ஒன்று. மண்டல வெண்கலம் ஒன்று. விடியற்காலை நாலரைக்கு எழுந்தது, மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போகாமல் இங்கே வந்து படுத்துக்கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு துண்டு இருந்தது. தான் குடித்தனம் நடத்திய வீட்டில் தனக்குத் தெரியாமல் வேறு யாரோ குடியிருந்ததைப்போல அவளுக்கு இருந்தது.

"இது இல்லாம மாட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"என்னோடது எவ்வளவுன்னு பாக்கணும்."

வேண்டாம் என்றார். போட்டி முடியட்டும் என்றார். இப்போது ஐம்பதோ அறுபதோ வந்தால் அது மனசில் உட்கார்ந்துவிடும், அப்புறம் புதுக் கட்டையும் காப்பாற்றாது என்றார். அவள் திருப்புளியை எடுத்து அவர் கையில் வைத்தாள். எட்டு வருடத்தில் அவர் சொல்லை அவள் நேருக்கு நேர் மீறியது அன்றைக்குத்தான்.

வெறுங்கட்டையில் இரும்பை உட்காரவைத்து இரண்டு திருகையும் முடுக்கினார். பின்தகட்டையும் மாட்டினார். துப்பாக்கியை லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

அவள் பாயில் படுத்தாள். தோளில் வைத்தாள். கழுத்தை நீட்டினாள். கன்னம் அதே கறுத்த இடத்தில் போய்ப் பதிந்தது.

பத்து குண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டாள். ஒரு குண்டுக்குப் பிறகும் தொலைநோக்கியில் கண் வைக்கவில்லை. அருளப்பனும் பார்க்கவில்லை. அவர் கரட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் சிவப்புக்கொடியை ஏற்றிவிட்டு, ஐம்பது மீட்டரும் நடந்துபோய் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். வருகிற வழியில் இரண்டு இடத்தில் நின்றார்.

மேசையில் வைத்து, புள்ளி அளக்கும் ஊசியை ஒவ்வொரு ஓட்டையிலும் நுழைத்து எண்ணினார். பிறகு அவள் எண்ணினாள்.

தொண்ணூற்றைந்து.

"இன்னொண்ணு சுடுங்க" என்றார்.

சுட்டாள். தொண்ணூற்று நான்கு.

அருளப்பன் துப்பாக்கியை வாங்கி, கழற்றி, உள்ளே எங்காவது எட்டாவது துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலை விட்டுத் துழாவினார். ஒன்றுமில்லை. அட்டைகளை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். காலையில் சுட்ட அட்டையையும் சேர்த்துப் பிடித்தார். மூன்றையும் மாற்றி மாற்றி வைத்தாலும் எது எந்த அட்டை என்று சொல்லமுடியாது. குண்டுப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். துண்டுகள் கிடந்த துணியின் பக்கம் அவர் பார்வை போகவில்லை.

"ஏழு தடவையும் ஏறுச்சு, அக்கா" என்றார். "நான் எழுதி வச்சிருக்கேன்."

"நானுந்தான் எழுதி வச்சிருக்கேன். காபின்னு."

அவர் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பட்டறையில் பதினேழு வருடம், இங்கே எட்டு வருடம் இரும்பையும் மரத்தையும் பார்த்த மனிதரின் முகம், பஸ்ஸைத் தவறவிட்ட ஆளின் முகம் மாதிரி இருந்தது. தாட்சாயணி அவர்மேல் கோபப்படத்தான் எழுந்தாள். எழுந்த பிறகு கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. தன்னிடமிருந்து போனதும் எதுவுமில்லை. காபி மட்டும் நாலரை வருடம் போயிருந்தது.

வெளியே போய் காதர் பாயிடம் இரண்டு காபி சொன்னாள். அவர் காது கேட்காதவரைப்போல மறுபடி கேட்டார். இரண்டு என்று விரலைக் காட்டினாள். அவர் ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று மட்டும் விசாரித்தார்.

டம்ளர்களோடு திரும்பிவந்தபோது அருளப்பன் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பாயில் அமர்ந்தாள். இருவரும் குடித்தார்கள்.

"எனக்கு இப்ப ஒண்ணும் புரியல, மாஸ்டர்" என்றாள். "பழசுலயே சுடவா? புதுசை மாட்டவா? உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. காரணம் வேண்டாம்."

அவர் டம்ளரின் அடியில் கிடந்ததையும் குடித்து முடித்தார். காய் நறுக்கும் கத்தியை எடுத்து, கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"கழுத்து வலிக்குதுல்ல. மாத்துங்க" என்றார். "ஏறினாலும் எறங்கினாலும் எதனாலன்னு யாராவது வந்து கேப்பாங்க. அவங்ககிட்ட எத்தனை புள்ளின்னு மட்டும் சொல்லுங்க."

2019 பிப்ரவரி 10 அன்று சென்னையில் நடந்த மாநிலப் போட்டியில், புதுக் கட்டையில் தாட்சாயணி ஐநூற்றறுபத்தொன்பது சுட்டாள். தகுதிக்கு ஒன்று குறைவு. கட்டையாலா என்று நான்கு பேர் கேட்டார்கள். ஐநூற்றறுபத்தொன்பது என்றாள்.