இருநூற்றாறு எழுத்தும் ஐந்து கோடும்

அன்று காலை ஆய்வகத்தில் இருந்தவர்கள் நால்வர். டாக்டர் ஞானசுந்தரி, ஆராய்ச்சி மாணவி ஃபர்ஹானா, சீடர் இசக்கியப்பன், குடுவை கழுவும் பிச்சம்மாள்.

டாக்டருக்கும் ஃபர்ஹானாவுக்கும் நடுவில், ஆய்வகத்தின் ஐந்தாவது ஆளான மைக்கேலின் முக்காலி காலி. அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

இசக்கியப்பன் முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். டாக்டர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் இசக்கியப்பன் டாக்டரிடம்தான் பாடம் கேட்க வந்திருந்தார்.

"நான் அச்சகத்துக்கே போயிருதேன் டாக்டர்," என்றார்.

காரணமும் சொன்னார். ஒரு புரதம் குளத்து மண் பாக்டீரியாவுடையது. இன்னொன்று உப்பளத்து பாக்டீரியாவுடையது. போன வாரம் இரண்டின் உருவத்தையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். மடிப்புக்கு மடிப்பு பொருந்தியது. குளத்துக்காரனிடம் ஒரே ஒரு வளைவுதான் துருத்திக்கொண்டு நின்றது.

இரண்டும் ஒரே குடும்பம் என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டார். மைக்கேல் சிரித்தார். எழுத்தும் ஒத்துவரட்டும், பார்க்கலாம் என்றார். வராவிட்டால் பாடத்தையே விட்டுவிடுகிறேன் என்று இவரும் வாயைக் கொடுத்துவிட்டார்.

ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்து என்று புரதத்தை வரிசையாக எழுதுவார்கள். குளத்துக்காரனுக்கு 211. உப்பளத்தானுக்கு 206. நாலு நாள் உட்கார்ந்து ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினார். ஒத்தது பதினொன்று. கடைசியில் ஐந்து மிச்சம்.

"பதினொண்ணு, கண்ண மூடிக்கிட்டு எழுதினாலே வரும்," என்றார்.

டாக்டர் தாளைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் போட்டுத் தந்ததுல அஞ்சு கோடு இருந்துச்சே. எங்க அண்ணாச்சி?"

கோடுகளை அடித்துவிட்டேன் என்றார். எழுத்தே இல்லாத இடத்தில் கோடு போட்டு நிரப்பினால் அச்சகத்தில் அதற்குப் பெயர் பிழை.



டீக்கடைத் தட்டு வந்தது. வாடிக்கையான ஐந்து தம்ளர், உட்காரும் வரிசைப்படி. சர்க்கரை இல்லாத டீ, பால் இல்லாத டீ, வெறும் பால், ஸ்ட்ராங் டீ, இஞ்சி டீ.

"நீங்களே குடுங்க அண்ணாச்சி," என்றார் டாக்டர். "வரிசை மாறாம. இடம் விடாம."

கொடுத்தார். டாக்டருக்குச் சரியாக வந்தது. பால் குடிக்கிற ஃபர்ஹானா கறுப்பு டீயைப் பார்த்து முகம் சுளித்தாள். இசக்கியப்பன் கையில் பால் இருந்தது.

பிச்சம்மாள் ஒரு வாய் குடித்தாள்.

"இது உங்க கஷாயம்லா அண்ணாச்சி. என் இஞ்சி டீ அங்க தட்டுல அநாதையா நிக்கி."

இசக்கியப்பன் தட்டைப் பார்த்தார். காலி முக்காலியைப் பார்த்தார்.

குடித்தது, குடிக்காதது பார்க்காமல் தம்ளர்களைத் திரும்ப வாங்கினார். கறுப்பு டீயை மைக்கேலின் முக்காலியில் வைத்தார். மற்றவை அவரவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

தன் டீயை மறந்து புதுத்தாளை இழுத்தார். ஒன்பதாம் எழுத்து வரை பழையபடி. பிறகு உப்பளத்தான் வரியில், கம்ப்யூட்டர் போட்ட இடத்திலேயே, ஐந்து கோடு. மீதி அத்தனையும் வலப்பக்கம் தள்ளி.

மேல்வரியை ஃபர்ஹானா வாசித்தாள். கீழ்வரியை அவர் வாசித்தார். பிச்சம்மாள் குழாயை மூடிவிட்டு வந்து, ஒத்ததற்கெல்லாம் விரல் மடக்கினாள்.

எழுபத்து மூன்று.

டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். துருத்தி நின்ற வளைவில் இருந்த எழுத்துகளை இசக்கியப்பன் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

ஐந்து.

வரியின் கடைசியில் மிச்சம் இல்லை. தட்டிலும் இல்லை. முக்காலியில் ஒரு டீ.