நான்காவது வாக்கியம்

புதுச்சேரியில் ஃபிலோமினா டீச்சர் ஐரோப்பியச் சொற்களுக்குத் தமிழ் அகராதி ஒன்றைத் தொகுத்து வந்தார். அவரிடம் அந்த வேலையைக் கற்க வந்தவர்களில் சிங்காரவேலுதான் மூத்தவர். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிட இருபது வயது பெரியவர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அகராதிக்கான அட்டையில் ஒரு சொல்லுக்கு எழுதும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். அதைப் புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. கொண்டு வருபவரின் வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும்.

ஒரு நாள் காலை சிங்காரவேலு ஓர் அட்டையோடு வந்தார்.

“இந்த நாலு சொல்லுக்கும் ஒரே வேர்னு சொல்றாங்க, டீச்சர். கிரேக்கத்தில் ‘ஓர்ஃபனோஸ்’, பெற்றோர் இல்லாதவர். ஜெர்மன்ல ‘எர்பே’, வாரிசுக்கு வரும் சொத்து. செக் மொழியில் ‘ரொபோட்டா’, கட்டாய வேலை. ரஷ்ய மொழியில் ‘ரெபியோனக்’, குழந்தை. இதில் எது நிஜமான அர்த்தம்?”

“ஐரோப்பாவையே ஒரு சுற்று சுற்றிட்டு வந்திருக்கீங்க. வாக்கியம் எங்கே சார்?”

“இதுக்கெல்லாம் என் வீட்டில் என்ன இருக்கு?” என்று சிரித்தார் சிங்காரவேலு.

டீச்சர் அட்டையை வாங்கிப் பேனாவைத் திறந்தார். “வீட்டில் யார் யார் இருக்கீங்க?”

“நான், சம்சாரம், தம்பி மகள் பூவிழி. பத்து வயசு. தம்பியும் அவன் மனைவியும் போன வருஷம் விபத்தில் போயிட்டாங்க.”

டீச்சர் அதை முதல் பொருளுக்கு எதிரே எழுதினார்.

“வீடு உங்களோடதா?”

“தம்பி கட்டினது. வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு அங்கேயே வந்துட்டோம்.”

அதை இரண்டாவதுக்கு எழுதினார்.

“பூவிழி எந்த வகுப்பு?”

“நிறுத்திட்டோம். சம்சாரத்துக்கு முட்டி வலி. சமையல், பாத்திரம், துணி எல்லாம் அவதான். விடியறதுக்கு முன்னாடியே எழுந்து...”

அவர் பாதியில் நின்றார். டீச்சரின் பேனா நிற்கவில்லை. மூன்றாவதும் எழுதி முடிந்தது.

“நாலாவது, குழந்தை. அதுக்கு நீங்களே சொல்லுங்க.”

சிங்காரவேலு அட்டையைத் தன் பக்கம் திருப்பி, எழுதிய மூன்றையும் படித்தார்.

“போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். அன்னைக்கும் கஞ்சி அவதான் வெச்சா. எங்க மூணு பேருக்கும்.”

டீச்சர் எழுதவில்லை. காத்திருந்தார்.

“அவளைக் குழந்தைன்னு நாங்க ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, டீச்சர்.”

டீச்சர் பேனாவை அவர் கையில் கொடுத்தார்.

“அதை எழுதுங்க.”