ராதாரிச் சீட்டு

நான் மடத்தில் அடுப்படி ஆள். சாமி பேசுவதை உட்கார்ந்து கேட்க எனக்கு எங்கே நேரம்? ஆனால் அன்றைக்குக் கேட்டேன். உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் கேட்டேன்.

மடத்துக்குத் தண்ணீர் சுமப்பவர் ஒச்சப்பன். ஐம்பது வயசு. சாமிக்கு முப்பதுகூட இருக்காது. இருந்தாலும் சாமிதான் குரு, இவர் சீடன். சாமி இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

வெள்ளைக்காரன் கப்பலேறி ஒரு வருசம் ஆகியிருந்தது. காலையிலேயே ஒச்சப்பன் சாமி முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கக்கத்தில் ஒரு துணி மூட்டை.

"சாமி, ஒரு சீட்டு எழுதித் தரணும்."

"என்ன சீட்டுண்ணே?"

"ராதாரிச் சீட்டு. தங்கச்சி ஊருக்குப் போகணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்ன சாதியில் பிறந்தால் பிறக்கும்போதே திருடன் என்று வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தான். ஒச்சப்பன் சாதியும் அதில் மாட்டியது. பத்து விரலையும் மையில் அமுக்கி எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். வெளியூரில் ராத்தங்க வேண்டுமென்றால் கிராம முன்சீப்பிடம் கெஞ்சி இந்தச் சீட்டை வாங்க வேண்டும், திரும்பி வந்ததும் அவரிடமே ஒப்படைக்க வேண்டும். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் ஜெயில்.

"அந்தக் கண்றாவிச் சட்டத்தைத்தான் எடுத்தாச்சே!" என்று அடுப்படியிலிருந்தே கத்தினேன்.

"முன்சீப்பும் அதைத்தான் சொல்றாரு. இனிமே சீட்டுக் கீட்டெல்லாம் கெடையாது போடான்னு வெரட்டிட்டாரு. அதான் சாமிகிட்ட வந்தேன்."

"என்ன விசேசம் அங்க?" என்று கேட்டார் சாமி.

"நாளைக்குத் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. மாமன் என் மடியில வச்சுத்தான் குத்தணும். மூத்தவனுக்குக் குத்தயில முன்சீப்பு ஊர்ல இல்ல, சீட்டுக் கெடைக்கல. உச்சிப் பொழுது வரைக்கும் பாத்துட்டு வேற யாரு மடியிலயோ வச்சுக் குத்திட்டாக. அண்ணன் இந்தத் தடவையும் வரலேன்னா எனக்குப் பொறந்த வீடே இல்லேன்னு சொல்லி விட்டிருக்கா, சாமி."

"கெளம்ப வேண்டியதுதானே?"

"நேத்து ரெண்டு தடவை எல்லைக்கல்லு வரைக்கும் போனேன். அதுக்கு அங்கிட்டுக் காலு வரமாட்டேங்குது."

எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு துண்டுக் காகிதம்தானே சாமி, கிறுக்கிக் குடுத்திருங்க. மனுசன் போய்ச் சேரட்டும்."

சாமி ஒச்சப்பனைப் பார்த்தார்.

"குடுக்கறேன். திரும்பி வந்து அதை யார்கிட்டண்ணே ஒப்படைப்பீங்க?"

"சாமிகிட்டத்தான்."

"அடுத்த விசேசத்துக்கு?"

"சாமிகிட்டத்தான் வந்து கேக்கணும்."

சாமி என் பக்கம் திரும்பினார். நான் கரண்டியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அப்புறம் சாமி எழுந்து போய் மடத்து வாசலை மறித்து நின்றார். இதுவரை நான் கேட்காத குரலில் அதட்டினார்.

"யாருடா அது? எங்கடா போற?"

நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒச்சப்பன் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது.

"நானூத்திப் பதினேழு, எசமான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. ஆறு வருசமாக என் கையால் சாப்பிடுகிற ஆள். அந்த நம்பர் அவர் நாக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

சாமியின் குரல் பழையபடி ஆகிவிட்டது.

"என்ன தப்புப் பண்ணினதுக்குண்ணே அந்த நம்பரு?"

"ஒண்ணும் பண்ணல சாமி. பதினாறு வயசுல கூப்பிட்டு விரலை அமுக்குனாக."

"உங்க அப்பா?"

"கெணறு வெட்டுனாரு."

"அப்ப நீங்க திருடன்னு யாரு சொன்னது?"

"பொஸ்தகத்துல எழுதியிருக்காம் சாமி."

"நீங்க படிச்சீங்களா?"

"எனக்கு எங்க சாமி படிக்கத் தெரியும்?"

சாமி வாசலை விட்டு விலகி நின்றார்.

ஒச்சப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மூட்டையை அவிழ்த்து, மருமகளுக்கு எடுத்திருந்த பாவாடையும் தோடும் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினார். வாசல்படி இறங்கினார். பத்து அடி போயிருப்பார், நின்று திரும்பினார்.

"வழியில எவனாச்சும் மறிச்சு யாருன்னு கேட்டா என்ன சாமி சொல்லட்டும்?"

"தாய்மாமன்னு சொல்லுங்கண்ணே" என்றார் சாமி.